கலிஃபோர்னிய வாக்குச்சீட்டில் ஒரு ப்ராப்பை விட்டுவிட்டால் மற்ற ஓட்டெல்லாம் செல்லாதா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. கலிஃபோர்னியாவின் சன்னிவேலில் இருக்கிறீர்கள். நீங்களும் அம்மாவும் அண்மையில் அமெரிக்கக் குடியுரிமை பெற்றிருக்கிறீர்கள், வரும் நவம்பரில் இருவருக்கும் முதல் ஓட்டு. நண்பர் வைத்திருந்த 2024 மாதிரிச் சீட்டைப் பார்த்ததும் மலைத்துப் போயிருக்கிறீர்கள்: அதிபரிலிருந்து பள்ளி வாரியம் வரை ஆட்களின் பெயர்கள், அதற்கப்புறம் 10 ப்ராப் (ப்ரொபோசிஷன் என்பதன் சுருக்கம், ஆம் அல்லது இல்லை என்று மக்களே முடிவு செய்யும் மாநிலச் சட்டக் கேள்வி), அதற்கும் கீழே எண்ணுக்குப் பதில் எழுத்துப் போட்ட, அதே போன்ற உள்ளூர்க் கேள்விகளான மெஷர்கள். எல்லாவற்றுக்கும் பதில் குறிக்க வேண்டுமா, ஒன்றை விட்டால் சீட்டே செல்லாமல் போகுமா, காலியாக விட்டால் அது ‘இல்லை’ என்றுதான் எண்ணப்படும் என்று மினசோட்டாவில் இருக்கும் மைத்துனர் சொல்வது உண்மையா, தமிழ் மட்டும் வாசிக்கும் அம்மாவின் சீட்டை நீங்களே நிரப்பித் தரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இவற்றுக்கெல்லாம் அடியில் நீங்கள் எழுதாத கேள்வி ஒன்றும் தெரிகிறது: ‘ஆம்’ என்று குறித்தால் எதற்கு ஆம் சொல்கிறோம் என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? கடினமானது அதுதான். அதற்கே அதிக இடம் எடுத்துக்கொள்கிறேன். எந்த ப்ராப்புக்கு எப்படிப் போடலாம் என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

முதலில் பயத்தைப் போக்கிவிடலாம். நம் ஊர் வாக்குச்சீட்டில் ஒரே கேள்விதான். இரண்டு சின்னத்தின் மேல் முத்திரை விழுந்தால் சீட்டு முழுவதும் செல்லாத ஓட்டு. அந்த நினைவோடு இந்தச் சீட்டைப் பார்த்தால் பயம் வரத்தான் செய்யும். இங்கே உங்கள் கைக்கு வருவது ஒரு தாள் போலத் தெரிந்தாலும், உள்ளே இருப்பவை இருபது முப்பது தனித்தனி ஓட்டுகள். ஒன்றில் நேர்ந்த பிழை இன்னொன்றைத் தொடாது. ப்ராப் 32ஐக் காலியாக விட்டால் அந்தக் கேள்விக்கு மட்டும் நீங்கள் ஓட்டுப் போடவில்லை என்று ஆகும். மற்றவை முழுதாக எண்ணப்படும். ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டிய இடத்தில் இருவருக்குக் குறித்துவிட்டால் அந்த ஒரு போட்டியில் மட்டும் உங்கள் ஓட்டு எண்ணப்படாது. மூன்று பேர் வரை என்று போட்டிருக்கும் இடத்தில் ஒருவருக்கு மட்டும் குறிப்பதிலும் தவறில்லை. இதில் சந்தேகத்துக்கு இடமே கிடையாது.

மைத்துனர் சொல்வதும் சரிதான், அவர் மாநிலத்துக்கு. மினசோட்டாவில் அரசியலமைப்புத் திருத்தம் ஒன்று நிறைவேற வேண்டுமானால், அந்தத் தேர்தலில் ஓட்டுப் போட்ட அத்தனை பேரில் பாதிக்கு மேல் ‘ஆம்’ என்று குறித்திருக்க வேண்டும். எனவே ஆளுநருக்கு ஓட்டுப் போட்டுவிட்டுத் திருத்தத்தைக் காலியாக விடுபவர் ‘இல்லை’ என்று போட்டவருக்குச் சமம். ஹவாய், வயோமிங் மாநிலங்களிலும் காலிக்கு இதே பலன். கலிஃபோர்னியாவில் அந்தக் கேள்விக்குப் பதில் குறித்தவர்களை மட்டுமே கணக்கில் எடுப்பார்கள். அவர்களில் பாதிக்கு மேல் ஆம் என்றால் வெற்றி. 2024இல் குறைந்தபட்ச ஊதியத்தை மணிக்கு 18 டாலராக்கும் ப்ராப் 32 தோற்றது, ‘இல்லை’ 50.7 சதவீதம் பெற்றதால்தான். அத்தனை நெருக்கமான கணக்கிலும் காலியாக விட்டவர்கள் எந்தப் பக்கமும் சேரவில்லை. ஃப்ளோரிடாவில் வேறு கதை: 2006 முதல் அங்கே திருத்தத்துக்கு 60 சதவீதம் வேண்டும். 2024இல் கருக்கலைப்பு உரிமை பற்றிய அவர்களுடைய 4ஆம் திருத்தம் 57 சதவீதம் ஆதரவு பெற்றும் நிறைவேறவில்லை. ஆக, வேறு மாநிலத்தில் இருக்கும் உறவினர் சொல்லும் விதியை உங்கள் சீட்டில் பொருத்திப் பார்க்காதீர்கள். டெக்சஸிலும் நியூஜெர்சியிலும் மக்கள் கையெழுத்துத் திரட்டி மாநிலச் சட்டத்தைச் சீட்டுக்குக் கொண்டுவரும் வழியே கிடையாது. சட்டமன்றம் அனுப்பினால்தான் கேள்வி வரும். டெலவேரில் அரசியலமைப்பைத் திருத்த மக்களைக் கேட்பதே இல்லை.

இனி அந்தக் கடினமான கேள்வி. ப்ராப்பின் தலைப்பைப் படித்ததும் மனம் அந்தப் பொருளைப் பற்றி யோசிக்கத் தொடங்கிவிடும். ‘வாடகைக் கட்டுப்பாடு’ என்று பார்த்ததும், வாடகை ஏறக் கூடாதுதானே, ஆம் என்று கை போய்விடும். சீட்டு அதைக் கேட்கவில்லை. அது கேட்பது: இன்றுள்ள சட்டத்தில் இந்தக் குறிப்பிட்ட மாற்றத்தைச் செய்யலாமா? 2024இன் ப்ராப் 33ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அது எந்த வீட்டின் வாடகைக்கும் வரம்பு விதிக்கவில்லை. நகரங்களும் கவுண்டிகளும் (நம் ஊர் மாவட்டம் போன்றவை) வாடகைக்கு வரம்பு விதிப்பதைப் பல வகையில் தடுக்கும் கோஸ்டா-ஹாக்கின்ஸ் என்ற 1995ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கலாமா என்பதே கேள்வி. ஆம் வென்றிருந்தால் மறுநாள் காலை எந்த வாடகையும் குறைந்திருக்காது. உங்கள் நகரமன்றத்துக்கு ஓர் அதிகாரம் கூடியிருக்கும், அவ்வளவுதான். தோற்றபோதும் ஏற்கனவே இருந்த வரம்பு எதுவும் போய்விடவில்லை. எனவே ஒவ்வொரு ப்ராப்புக்கும் இரண்டு வாக்கியம் எழுதிப் பாருங்கள்: ‘ஆம் வென்றால் சட்டம் இப்படி இருக்கும்’, ‘இல்லை வென்றால் சட்டம் இப்படி இருக்கும்’. இரண்டாவது வாக்கியம் கிட்டத்தட்ட எப்போதும் ‘இன்று இருப்பது போலவே’ என்றுதான் முடியும்.

கிட்டத்தட்ட என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. ரெஃபரண்டம் என்று ஒரு வகை இருக்கிறது. சட்டமன்றம் நிறைவேற்றி ஆளுநர் கையெழுத்திட்ட புதிய சட்டத்தை எதிர்ப்பவர்கள், 90 நாளுக்குள் போதுமான கையெழுத்துத் திரட்டினால் அந்தச் சட்டம் நிறுத்திவைக்கப்பட்டு மக்கள் முன் வரும். அங்கே ‘ஆம்’ என்றால் சட்டம் இருக்கட்டும், ‘இல்லை’ என்றால் சட்டம் போகட்டும். கையெழுத்துத் திரட்டியவர்கள் கேட்பது ‘இல்லை’ ஓட்டு. இது பலரைத் திணறடித்திருக்கிறது. ஜாமீன் தொகை முறையை எடுத்துவிடும் சட்டம் 2018இல் நிறைவேறியது. அது 2020இல் ப்ராப் 25ஆக வந்தபோது ‘இல்லை’ வென்றது, சட்டம் ரத்தானது, ஜாமீன் தொகை முறை இன்றும் இருக்கிறது. சுவையூட்டிய புகையிலைப் பொருட்களின் விற்பனைத் தடை 2022இல் ப்ராப் 31ஆக வந்தது. ‘ஆம்’ வென்றது, தடை நடைமுறைக்கு வந்தது. இந்தக் குழப்பத்தைத் தீர்க்கவே 2023இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். அதன்படி ரெஃபரண்டத்தில் ஆம், இல்லை என்ற சொற்களுக்குப் பதிலாகச் சட்டத்தை வைத்துக்கொள், சட்டத்தை நீக்கு என்ற பொருள் தரும் சொற்கள் இடம்பெறும். உங்கள் சீட்டில் ஒரு கேள்வி மட்டும் மற்றவற்றைப் போல் இல்லாமல் இப்படி இருந்தால் அச்சுப்பிழை என்று நினைத்துவிடாதீர்கள்.

தலைப்பில் இருக்கும் சொற்கள் எவ்வளவு வேலை செய்யும் என்பதற்கு 2024இன் ப்ராப் 6 நல்ல சான்று. கலிஃபோர்னிய அரசியலமைப்பு அடிமை முறையைத் தடுக்கிறது. விருப்பமில்லாத கட்டாய ஊழியத்தையும் தடுக்கிறது, ஆனால் குற்றத்துக்குத் தண்டனையாக அதை அனுமதிக்கிறது. அந்த விலக்கை நீக்கலாமா என்பதே ப்ராப் 6. மாநிலம் வாக்காளர்களுக்கு அனுப்பும் கையேட்டில் அதை எதிர்த்து வாதம் எழுதித் தர ஒருவர்கூட முன்வரவில்லை. ஆனாலும் 53 சதவீதம் பேர் ‘இல்லை’ என்று போட்டார்கள். அதே நாளில் பக்கத்து நெவாடாவில் இதைப் போன்ற திருத்தம் தெளிவாக வென்றது. அங்கே சீட்டிலேயே ‘அடிமை முறை’ என்ற சொல் இருந்தது, கலிஃபோர்னியச் சீட்டில் அந்தச் சொல் இல்லை. தோல்விக்கு இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது; குற்றங்களைப் பற்றிய கோபம் அந்த ஆண்டு அதிகம் என்பதற்கு, தண்டனைகளைக் கூட்டிய ப்ராப் 36 பெரிய வித்தியாசத்தில் வென்றதே அடையாளம். ஆனால் சீட்டில் இருக்கும் 75 வார்த்தைச் சுருக்கத்தை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

சுருக்கத்தை விட்டு எங்கே போவது? தேர்தலுக்கு முன் ஒவ்வொரு வாக்காளர் வீட்டுக்கும் மாநிலத்திலிருந்து ஒரு தடித்த கையேடு வரும். விளம்பரக் குப்பையோடு சேர்த்துத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதை முதல் பக்கத்திலிருந்து படிக்க வேண்டியதில்லை. முன்பகுதியில், ஒவ்வொரு ப்ராப்புக்கும் ஆம் என்றால் என்ன பொருள், இல்லை என்றால் என்ன பொருள் என்று இரண்டு பெட்டி போட்டிருக்கும். நான் மேலே எழுதச் சொன்ன இரண்டு வாக்கியத்தைச் சரிபார்க்க அதுவே போதும். பிறகு அந்த ப்ராப்பின் பக்கத்துக்குப் போய் லெஜிஸ்லேட்டிவ் அனலிஸ்ட் எழுதிய ஆய்வைப் படியுங்கள். முதலில் இன்றைய நிலை, அடுத்து ப்ராப் செய்யும் மாற்றம், கடைசியில் அரசுக்கு ஆகும் செலவு என்று ஒரே ஒழுங்கில் இருக்கும். சட்டமன்றத்துக்கு ஆய்வு செய்து தரும், கட்சி சாராத அலுவலகம் அது. கடைசிப் பகுதியில் சட்டத்தின் முழு வாசகம் இருக்கும். அதில் குறுக்கே கோடு போட்ட எழுத்து நீக்கப்படுவது, சாய்ந்த எழுத்து புதிதாகச் சேர்க்கப்படுவது. மீதியெல்லாம் ஏற்கனவே இருக்கும் சட்டம். இது தெரிந்தால் பத்துப் பக்க வாசகத்தில் நீங்கள் படிக்க வேண்டியது ஒரு பக்கமாகச் சுருங்கிவிடும். நடுவில் வரும் ஆதரவு, எதிர்ப்பு வாதங்களை இரண்டு தரப்பும் தாங்களே எழுதித் தருகிறார்கள். அவை உண்மையா என்று எந்த அரசு அலுவலகமும் சரிபார்க்கவில்லை என்று அந்தப் பக்கத்தின் அடியிலேயே அச்சிட்டிருக்கும். அவற்றைக் கட்சிக்காரர் பேச்சு போலத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். இதைத் தவிரக் கவுண்டியிலிருந்து இன்னொரு கையேடு வரும். உள்ளூர் மெஷர்களுக்கு அதைத்தான் பார்க்க வேண்டும்.

ஆய்வில் எது உறுதி, எது கணிப்பு என்று பிரித்துப் படியுங்கள். ‘தடை செய்யும்’, ‘நீக்கும்’ என்று வருபவை சட்டத்தின் வாசகம் செய்பவை, உறுதி. ‘கூடும்’, ‘வரை ஆகலாம்’ என்று வருபவை மதிப்பீடு. மக்களும் நிறுவனங்களும் எப்படி நடந்துகொள்வார்கள் என்பதைப் பொறுத்து அவை மாறும். ‘விலைவாசி ஏறும்’, ‘வேலை போகும்’ என்று இரு தரப்பும் அடித்துச் சொல்வது பெரும்பாலும் இந்த இரண்டாம் வகை. வென்ற பிறகும் நீதிமன்றம் ஒரு ப்ராப்பை முடக்க முடியும். முறையான ஆவணம் இல்லாத குடியேறிகளுக்கு அரசுச் சேவைகளை மறுத்த 1994இன் ப்ராப் 187இன் பெரும்பகுதி அப்படித்தான் நடைமுறைக்கே வரவில்லை.

கேள்வியைச் சீட்டுக்குக் கொண்டுவந்தது யார் என்பதையும் பாருங்கள். தலைப்பை ஒட்டியே எழுதியிருக்கும். சட்டமன்றம் அனுப்பியது ஒரு வகை. மக்கள் கையெழுத்தால் வந்தது இனிஷியேட்டிவ். 1911இல் ஆளுநர் ஹைரம் ஜான்சன் காலத்தில் வந்த உரிமை இது. சாதாரணச் சட்டத்துக்கு, கடந்த ஆளுநர் தேர்தலில் பதிவான ஓட்டில் 5 சதவீதமும் அரசியலமைப்புத் திருத்தத்துக்கு 8 சதவீதமும் கையெழுத்து வேண்டும். 2022 தேர்தலை வைத்துக் கணக்கிட்டால் 5,46,651, 8,74,641. இதை ஏன் சொல்கிறேன் என்றால், இனிஷியேட்டிவாக வென்ற சட்டத்தில் பிழை இருந்தாலும் சட்டமன்றத்தால் தானாகத் திருத்த முடியாது. அந்தச் சட்டமே இடம் கொடுத்திருந்தால்தான் உண்டு, இல்லாவிட்டால் மறுபடி மக்களிடம் வர வேண்டும். செயலி வழி ஓட்டுநர்கள் பற்றிய 2020இன் ப்ராப் 22, திருத்துவதற்குச் சட்டமன்றத்தில் எட்டில் ஏழு பங்கு ஆதரவு வேண்டும் என்று எழுதிக்கொண்டது. ஆகவே ‘நோக்கம் நல்லது, வாசகத்தில் கொஞ்சம் குறை இருக்கிறது, பிறகு சரிசெய்துகொள்ளலாம்’ என்று ஓர் இனிஷியேட்டிவுக்கு ஆம் போடுவதற்கு முன் இரண்டு முறை யோசிக்க வேண்டும் என்பது என் கருத்து. சட்டமன்றம் வழக்கமாக இயற்றும் சட்டத்தைப் போல இதை அடுத்த ஆண்டே மாற்றிவிட முடியாது.

பாண்டு, அதாவது அரசு கடன் வாங்க வெளியிடும் பத்திரம் என்ற விஷயத்தில் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். 2024இன் ப்ராப் 2 பள்ளிகளுக்கும் சமுதாயக் கல்லூரிகளுக்கும் 1,000 கோடி டாலர் என்றது. அது கையில் இருக்கும் பணம் அல்ல, கடன். ஆண்டுக்குச் சுமார் 50 கோடி டாலர் வீதம் 35 ஆண்டு திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும் என்று ஆய்வு சொன்னது. பெருக்கினால் 1,750 கோடி. வீட்டுக் கடன் வாங்கியவர்களுக்கு இந்தக் கணக்கு அந்நியமாக இருக்காது. அதோடு, அந்த 50 கோடி மாநிலப் பொது நிதியில் அரை சதவீதத்துக்கும் குறைவு என்பதையும் வைத்துப் பார்க்க வேண்டும். மாநில பாண்டு பொது நிதியிலிருந்து அடைக்கப்படுகிறது. அதனால் உங்கள் வீட்டு வரி ரசீதில் புது வரி எதுவும் வராது. உள்ளூர்ப் பள்ளி மாவட்டத்தின் பாண்டு அப்படியல்ல. அது நேரே சொத்து வரியில் ஏறும், வெல்வதற்கும் பாதி போதாது, 55 சதவீதம் வேண்டும். இது 2000இல் ப்ராப் 39 வகுத்த விதி. உயர்நிலைப் பள்ளி மாவட்டம் அந்த விதியின் கீழ் ஒரு தேர்தலில் கேட்கும் பாண்டுக்கு, வரி மதிப்பில் ஒரு லட்சம் டாலருக்கு ஆண்டுக்கு 30 டாலருக்கு மேல் போகக் கூடாது. இங்கே கவனிக்க வேண்டிய சொல் வரி மதிப்பு. சன்னிவேலில் உங்கள் வீடு இன்று 20 லட்சம் டாலருக்கு விலைபோகலாம். நீங்கள் பல ஆண்டுக்கு முன் வாங்கியிருந்தால், 1978இன் ப்ராப் 13 காரணமாக வரி மதிப்பு ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறியிருக்காது. வரி ரசீதில் 8 லட்சம் என்று இருந்தால் எட்டு முப்பது 240 டாலர். பக்கத்தில் போன வருடம் வாங்கியவர் அதே அளவு வீட்டுக்கு 600 டாலர் கட்டுவார். வாடகைக்கு இருப்பவர்களும் இந்த மெஷருக்கு ஓட்டுப் போடலாம்.

தபால் பெட்டியில் கையேட்டோடு கையேடாக இன்னொன்றும் வரும். வழவழப்பான அட்டை, கழுகுப் படம் அல்லது கொடி, மேலே ‘வாக்காளர் வழிகாட்டி’ என்ற பாணியில் ஒரு பெயர், கீழே எந்த ப்ராப்புக்கு ஆம், எதற்கு இல்லை என்ற பட்டியல். பார்த்தால் கட்சியோ ஆசிரியர் சங்கமோ அனுப்பியது போல இருக்கும். சில பெயர்களுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நட்சத்திரக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். அந்த இடத்துக்கு அந்த வேட்பாளரோ அந்த ப்ராப்பின் தரப்போ பணம் கட்டியிருக்கிறது என்று பொருள். அந்தக் குறியைப் போட வேண்டும் என்பது சட்டம். தொலைக்காட்சி, இணைய விளம்பரங்களிலும் பெரிய தொகை தந்தவர்களில் முதல் மூவரின் பெயர் வர வேண்டும். ஒரு ப்ராப்புக்கு யார் பணம் கொடுக்கிறார்கள் என்பது அது நல்லதா கெட்டதா என்று சொல்லிவிடாது. ஆனால் யாருக்கு அது அவ்வளவு முக்கியம் என்பதைக் காட்டிக்கொடுக்கும்.

சீட்டை நிரப்பும் வேலை எளிது. கறுப்பு அல்லது நீல மை, வட்டத்தை முழுதாக நிரப்ப வேண்டும். இரண்டு பக்கமும் திருப்பிப் பாருங்கள், சில ஆண்டு இரண்டு மூன்று அட்டை வரும். தவறாகக் குறித்துவிட்டால் வெள்ளை மை பூச வேண்டாம். கவுண்டி அலுவலகத்தைக் கூப்பிட்டாலோ நேரில் ஓட்டுப் போடும் இடமான வோட் சென்டருக்கு அந்தச் சீட்டோடு போனாலோ புதியது தருவார்கள். சீட்டின் மேல் எங்கும் கையெழுத்தோ பெயரோ வேண்டாம். போட்டுவிட்டாலும் ஓட்டு வீணாகாது, அடையாளம் இல்லாத பிரதி ஒன்றை எடுத்து எண்ணுவார்கள். ஆனால் ரகசியம் கெடும்.

பிழை அதிகம் நேர்வது, தபாலில் வந்த சீட்டை நிரப்பித் திருப்பி அனுப்பும் உறையில்தான். கையெழுத்து இருக்க வேண்டிய ஒரே இடம் உறையின் பின்பக்கம். அந்தக் கையெழுத்தைக் கவுண்டி உங்கள் பதிவுப் படிவத்திலும் ஓட்டுநர் உரிமம் தரும் டிஎம்வி அலுவலகத்திலும் இருப்பதோடு ஒப்பிடுகிறது. நம்மவர்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு: ஓட்டுநர் உரிமத்தில் ஆங்கிலத்தில் முழுப் பெயர், வங்கியில் கிறுக்கல், ஊர்ப் பத்திரங்களில் தமிழ் என்று மூன்று கையெழுத்து. தமிழில் கையெழுத்திடுவதற்குத் தடை இல்லை. பதிவில் எது இருக்கிறதோ அதுவே உறையிலும் இருக்க வேண்டும், அவ்வளவுதான். பொருந்தாவிட்டால் உடனே தள்ளிவிட மாட்டார்கள். கடிதம் வரும், சரிசெய்ய அவகாசம் தருவார்கள். அந்தக் கடிதத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டால்தான் ஓட்டு போகும். ஒரே வீட்டில் இருவர் உறைகளை மாற்றிப் போட்டுக் கையெழுத்திட்டுவிடுவதும் நடக்கும். எனவே சாப்பாட்டு மேசையில் ஒருவர் முடித்து உறையை ஒட்டிய பிறகு அடுத்தவர் தொடங்குவது நல்லது. மாநிலத்தின் ‘வேர்ஸ் மை பாலட்’ சேவையில் பதிந்துகொண்டால் உறை வந்து சேர்ந்ததும், எண்ணப்பட்டதும் குறுஞ்செய்தி வரும்.

அனுப்பத் தபால்தலை வேண்டாம். இன்றைய மாநில விதிப்படி தேர்தல் நாளுக்குள் தபால் முத்திரை விழுந்து, ஏழு நாளுக்குள் வந்து சேர்ந்தால் எண்ணுவார்கள். ஆனால் இதை நம்பிக் கடைசி நாள் வரை வைத்திருக்காதீர்கள். நீங்கள் பெட்டியில் போடும் நாளும் முத்திரை விழும் நாளும் ஒன்றாகவே இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்று தபால் துறையே சொல்லிவிட்டது. தேர்தல் நாளுக்குப் பின் வந்துசேரும் சீட்டுகளை எண்ணலாமா என்ற வழக்கும் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. கவுண்டி வைத்திருக்கும் சீட்டுப் பெட்டியான டிராப் பாக்ஸில் தேர்தல் நாள் இரவு 8 மணிக்குள் போட்டுவிட்டால் இந்தக் கவலை எதுவும் உங்களுக்கு இல்லை. ஒரு வாரம் முன்னதாகவே போட்டுவிட்டால், கையெழுத்துச் சிக்கல் வந்தாலும் தீர்க்க நேரம் இருக்கும்.

கடைசியாக அம்மா. 50 வயதைக் கடந்தவர்களில் 20 ஆண்டும், 55 வயதைக் கடந்தவர்களில் 15 ஆண்டும் கிரீன் கார்டில் இருந்தவர்களுக்கு ஆங்கிலத் தேர்வு இல்லாமலே குடியுரிமை கிடைக்கிறது. ஆகவே தமிழ் மட்டும் வாசிக்கும் வாக்காளர் என்பது விதிக்கு உட்பட்டதுதான், ஒளிக்க வேண்டிய விஷயம் இல்லை. அவருக்கு உதவ ஆள் வைத்துக்கொள்ளும் உரிமையைக் கூட்டாட்சிச் சட்டமும் மாநிலச் சட்டமும் தருகின்றன. வோட் சென்டரில் இருவர் வரை கூட வரலாம். வேலை தருபவரோ தொழிற்சங்கப் பிரதிநிதியோ மட்டும் கூடாது. வீட்டிலும் நீங்கள் வாசித்து, மொழிபெயர்த்து, அவர் சொல்வதைக் குறித்துத் தரலாம். அவர் சொல்வதை மட்டும். ‘அம்மாவுக்கு இதெல்லாம் புரியாது, நான் போட்டதையே போட்டுவிடுகிறேன்’ என்பது உதவி ஆகாது, அது அவருடைய ஓட்டை நீங்கள் எடுத்துக்கொள்வது. உறையில் அவருக்காக நீங்கள் கையெழுத்துப் போடுவதும் குற்றம். கை நடுக்கத்தால் எழுத முடியாவிட்டால் அவர் ஒரு குறி இட, சாட்சி ஒருவர் பக்கத்தில் கையெழுத்திடலாம். உறையை டிராப் பாக்ஸில் சேர்ப்பதை நீங்கள் செய்யலாம். கொண்டுபோகிறவர் விவரத்துக்கு உறையிலேயே இடம் இருக்கும்.

நீங்கள் இருக்கும் சான்டா கிளாரா கவுண்டியில் இன்னொரு வசதியும் உண்டு, அதைத் தெரிந்தவர்கள் குறைவு. ஆங்கிலம் போதாத வாக்காளர்கள் ஒரு மொழியில் குறிப்பிட்ட அளவுக்கு மேல் இருக்கும் பகுதிகளுக்கு அந்த மொழியில் நகல் சீட்டு தர வேண்டும் என்பது மாநில விதி. இந்தக் கவுண்டியில் தமிழிலும் அது கிடைக்கிறது. அசல் சீட்டின் அதே வரிசை, அதே கட்டங்கள், சொற்கள் மட்டும் தமிழில். அதில் குறித்து அனுப்பினால் எண்ண மாட்டார்கள். அசலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதற்குத்தான் அது. கவுண்டியில் தேர்தலை நடத்தும் ரிஜிஸ்ட்ரார் ஆஃப் வோட்டர்ஸ் அலுவலகத்துக்கு இப்போதே போன் செய்து அம்மாவின் பெயருக்குத் தமிழ் நகல் வேண்டும் என்று கேட்டுவையுங்கள். அசல் சீட்டுகள் தேர்தலுக்கு 29 நாள் முன் தபாலில் கிளம்பத் தொடங்கும். நகலும் அந்த வாரமே கையில் இருந்தால், ஒரு நாளைக்கு இரண்டு ப்ராப் என்று அம்மா தானே படித்து, கேட்டு, முடிவெடுக்க நேரம் இருக்கும்.